அரை அங்குலம்

பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தியோராம் துண்டு எனக்கு.
கிண்ணியாவிலிருந்து வருகிற ஹஸ்மியா மிஸ்
என்னைச் சுவரோடு நிறுத்தினா.
"குதிக்கால், பின்பக்கம், தோள், பின்தலை
நாலும் சுவரில் முட்ட வேணும் அக்கா."
மூன்று முட்டின.
தலை மட்டும்
இன்னும் மெஷினுக்கு மேலே குனிந்து
ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தது.

பிறகு அளவு நாடாவை எடுத்தா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்தொன்பது வருஷம் மத்திய வீதியில்
இந்த ஊர்ப் பெண்களை அளந்தவள் நான்.
என்னை இதுவரை ஒருத்தரும் அளந்ததில்லை.

"இடது தோள் அரை அங்குலம் இறக்கம்."

எனக்குத் தெரியாத இறக்கமா?
கணக்கு ரீச்சருக்கு வலது பக்கம்,
கொப்பிப் பை தூக்கித் தூக்கி.
வங்கியில் இருக்கும் யசோதராவுக்குக் கழுத்து
ஓட்டை விட்டு எட்டிப் பார்க்கிற ஆமை.
லிங்கநகர்ப் பெண் ஒருத்தி
மூன்று பிள்ளையையும் ஒரே இடுப்பில் வைத்து வளர்த்தவள்,
அவளுடைய பாவாடைக்கு
இரண்டு நீளம் வெட்டுவேன்.
ஒருநாளும் அவர்களிடம் சொன்னதில்லை.
இறங்கின தோளுக்கு உள்ளே ஒரு மடிப்புப் பஞ்சு,
ஏறினதில் கால் அங்குலம் குறைத்தால்
கண்ணாடியில் நேராகத் தெரிவார்கள்.
"உங்கட கைராசி" என்பார்கள்.
பொய்யைத்தான் இவ்வளவு காலமும்
நேர்த்தியாக ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஒற்றைக் காலில் நில்லுங்கோ, முப்பது எண்ணுமட்டும்."
வலது காலில் இருபத்திரண்டு.
இடது காலில் ஏழு.
"இப்ப கண்ணை மூடிக்கொண்டு."
மூடினதும் சீமெந்துத் தரை ஆடத் தொடங்கியது,
பாலம் கட்டமுன் கிண்ணியாத் துறையில் ஓடின பாதையில்
லொறிக்கும் ஆட்டுக்கும் நடுவில் நிற்கிறமாதிரி.
சொன்னேன்.
மிஸ் என் முழங்கையைப் பிடித்தபடி சிரித்தா,
"நானும் அதில நின்று சத்தி எடுத்தனான்."

வீட்டுக்கு ஒரு தாள் தந்தா.
தாள் முழுக்கக் குச்சிப் பெண்கள்.
ஒருத்தி நாடியை உள்ளே இழுக்கிறாள்,
ஒருத்தி குதிக்காலைப் பெருவிரலில் முட்டவைத்து
கோட்டில் நடக்கிறாள்.
தோள் எலும்பு இரண்டுக்கும் நடுவில்
ஒரு பென்சிலைப் பிடித்திருப்பதாக நினைக்க வேணுமாம்.
நான் தையல் சோக்கை நினைத்துக்கொண்டேன்.
ஒருத்திக்கும் சட்டை இல்லை,
அதுதான் மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

விடிய அஞ்சரைக்குக் கோட்டைப் பக்கத்துக் கடற்கரை.
ஈர மணலில் இடது கால்.
கரைவலை இழுக்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார்,
"அக்கா என்ன நேர்த்தி?"
"ஆஸ்பத்திரி நேர்த்தி."
குப்பைக்குள் மேய்ந்த மான் ஒன்று
பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்தது,
ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.
அதுக்கு இன்னும் மூன்று கால் இருக்கு.
எட்டில் விழுந்தேன்.
அடுத்த நாளும் எட்டு.
மழை பெய்த கிழமை போகவே இல்லை.

ஒன்பதாம் கிழமை
இடது காலில் பத்தொன்பது நின்ற அன்றைக்கு
என்ர சாறிச்சட்டை இடது தோளில் சுருங்கியது.
ஆரோ பழகாத பிள்ளை தைத்ததுபோல ஒரு தூக்கல்.
கழற்றி உள்ப்பக்கம் புரட்டினேன்.
பஞ்சு.
என்ர கையால், என்ர நூலால்,
எப்ப வைத்தேன் என்று தெரியாது.

பிளேட்டால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தேன்.
மஞ்சளித்து, வியர்வையில் கட்டிபட்டு
என் உள்ளங்கையில் அது
பாரமே இல்லாமல் கிடந்தது.

கணக்கு ரீச்சர் வந்து நிற்கிறா,
பொங்கலுக்கு இரண்டு சட்டை.
"பழைய அளவுதானே, வெட்டுங்கோவன்."
நாடாவைக் கழுத்தில் போட்டேன்.
கத்திரியை எடுக்கவில்லை.
"ஒருக்கா இதில வந்து நில்லுங்கோ" என்று
சுவரில் தொங்கின கலண்டரைக் கழற்றினேன்.