ஒன்றரை முதல் மூன்று வரை

ஆவணி பதினான்கு, வெள்ளி.
வளர்பிறை பஞ்சமி, சுவாதி, சமநோக்கு நாள்.
சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்.
இதுவரை எல்லாம் சரி.

ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை
என்று அச்சாகியிருந்தது.
அது வியாழனின் ராகு.
முந்தின தாளை நகலெடுத்து
திதியை மாற்றினேன், நட்சத்திரத்தை மாற்றினேன்,
ராகுவை மாற்ற மறந்தேன்.
அன்று காரைக்குடியில் மூன்று முறை கரண்ட் போனது
என்று சொல்லிக்கொள்ளலாம்.
ஒருமுறைதான் போனது.

ஆறாயிரம் காலண்டர்.
மேலே மயில்மீது முருகன்,
கீழே ஆத்தங்குடி டைல்ஸ்காரர் பெயர் பொன்னெழுத்தில்.
மார்கழியில் கட்டுக்கட்டாகப் போய்விட்டது.
தையில் ஒரு ராத்திரி, அடுப்பில் பால் இருக்க,
என் சந்திராஷ்டமம் என்றைக்கெல்லாம் வருகிறதென்று
சும்மா புரட்டியபோதுதான் பார்த்தேன்.
அதே தாளின் அடியில்
உத்திரட்டாதி, என் நட்சத்திரம்.
அன்றைக்கு வாயைத் திறக்காமலிருப்பது உத்தமம் என்பார்கள்.
நான் தையிலிருந்தே திறக்கவில்லை,
முதலாளி வயிரவனிடம்கூட.

கிழித்துக் கிழித்து அந்தத் தாள் வந்தது.
பத்தரைக்கு ராகுவை அவிழ்த்துவிட்டவளாய்
கல்லுக்கட்டியில் போய் நின்றேன்.
ஒரு மினி லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.
நாலும் நசுங்கின. லாரி போனது.
ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டினார்கள்.
இசைகுடிமானம் எழுத ஒரு கூட்டம்
வெள்ளித் தாம்பாளத்தோடு காரில் ஏறியது.
எழுதும்போதாவது பன்னிரண்டு தாண்டட்டும் என்று
கொப்புடையம்மனைக் கேட்டுக்கொண்டேன்.

கணக்கின் மறுபாதி
பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தது.
டோக்கன் பதினேழை விட்டுக்கொடுத்துவிட்டு
வேப்பமரத்தடி பெஞ்சில் முத்துக்கருப்பன்,
பக்கத்தில் தெய்வானை, மடியில் மஞ்சள் பை.
"மணி என்ன ஆத்தா?"
"ரெண்டு பத்து."
"இன்னும் அம்பது நிமிசம் ராகு."
ராகு போய் ரெண்டு மணி நேரமாச்சு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
சந்திராஷ்டமம்.
டீ வாங்கிக் கொடுத்தேன்.

செய்ய ஒன்றுமில்லாமல் அவர் பத்திரத்தை எடுத்தார்.
ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ,
எழுத்துக்கூட்டி, தெய்வானைக்குக் கேட்கும்படி.
"பள்ளத்தூர் கிராமம்... ஊரணிக்குத் தெற்கு..."
"ஊரணிக்கு வடக்கேயில்ல கெடக்கு நம்ம மனை?"
என்றாள் அவள்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.
பத்திர எழுத்தர் சூசை ஓடி வந்தார்.
பழசை நகலெடுத்ததில் வந்தது என்றார்.
அந்தச் சொல்லில் எனக்குக் காது சுட்டது.
தெற்கை அடித்து எழுதலாமா,
பக்கத்தையே மாற்றணுமா என்று
மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
"நல்லவேளை, ராகு காலம்னு உக்காந்தோம்"
என்றாள் தெய்வானை, என்னைப் பார்த்து.

சூசை சட்டைப்பையைத் தடவினார்.
"பேனா இருக்காம்மா?"
எடுத்து நீட்டினேன்.
"சிவப்பா? பத்திரத்துல சிவப்பு ஆகாது."

மூன்றாக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது.
கறுப்புப் பேனா தேடிக் கடைக்குப் போனேன்.