தொண்ணூறு லாரி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டை மூடிய வருஷம்
தடுப்புக் கம்பை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.
குழி மட்டும் இருக்கிறது.
மழை பெய்தால் அதில் தவளை.

எதிரில்தான் என் கடை.
முன்னே கையால் எழுதினேன்,
கார்பன் தாள் வைத்து மூன்று நகல்.
இப்போது இ-வே பில்.
செல்போனில் குத்திக் குத்தி
லாரிக்கு இருபது நிமிஷம்;
பின்னால் நிற்கிறவன் ஹாரனை எடுக்கவே மாட்டான்.

கம்பெனிக்காரனே கடனுக்குத் தருகிறானாம்,
தம்பி பெண்டாட்டி ரஹ்மத் சொன்னாள்.
நடுவில் கடைக்காரன் இல்லை, மேனேஜர் இல்லை.
செய்தவனே விற்கிறான்,
விற்றவனே பொறுக்கிறான்.
மூன்று மாதம் ஒரு காசு வேண்டாம்,
அப்புறம் பன்னிரண்டு தவணை.
வட்டி என்கிற சொல் எங்குமே இல்லை.
இரண்டு முறை தேடினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை.

ரொக்கம் என்றால் நாற்பத்திரண்டாயிரம்.
பொறுத்துத் தந்தால் நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு.
நடுவில் நிற்கிற மூவாயிரத்து அறுநூறுக்கு
என்ன பேர்?
அத்தா அந்தச் சொல்லை உச்சரித்தாலே
வாய் கொப்பளித்துவிட்டு வருவார்.
பள்ளிவாசலில் கேட்கலாம்தான்.
கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

அதனால் நானே கணக்குப் போட்டேன்.
பில்லுக்கு நாற்பது ரூபாய்,
மூவாயிரத்து அறுநூறு என்பது தொண்ணூறு லாரி.
பொறுக்கிற மூன்று மாதமும் தொண்ணூறு நாள்.
நாளுக்கு ஒரு லாரி
எனக்கில்லாமல் கம்பெனிக்கு ஓடும், அவ்வளவுதான்.
அது விலை. வட்டி இல்லை.
விளக்கை அணைத்த பிறகும்
கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாநிலம், என்று கேட்டது விண்ணப்பம்.
ரேஷன் கார்டு கேரளம்.
பேங்க் கணக்கு கே.ஜி. சாவடியில்.
கரண்டு பாலக்காட்டிலிருந்து வருகிறது,
கோடையில் தண்ணீர் கோயம்புத்தூர் டேங்கரில்.
ஒத்துவரவில்லை என்று திரை சிவந்தது.
போனில் வந்த பையன் மலையாளத்தில் தொடங்கி
இந்திக்குப் போய்
கடைசியில் தமிழுக்கு வந்து சேர்ந்தான்:
"மேடம், நீங்க இருக்கிறது எங்கே?"
ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்றேன்.
"எந்த ரோட்டுக்கு?"

டீக்கடை ரங்கநாயகியின் விலாசம் கொடுத்தேன்.
அவள் அந்தப் பக்கம்.
ஓடிபிக்கு வேப்பமரம் வரை நடந்து
போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நான்காம் நாள் பெட்டி தமிழ்நாட்டில் இறங்கியது.
சந்தையில் குக்கர் வாங்கினவள் மாதிரி
இடுக்கிக்கொண்டு ஒரு மாநிலம் கடந்தேன்.
யாரும் நிறுத்தவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூடிமேல் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறது.
அண்ணன் மகன் அன்வர்தீன் உரிக்க வந்தான்,
கையைத் தட்டிவிட்டேன்.
முதல் தவணை போகட்டும்.
ஒரு நாள் தாமதித்தால் நானூற்றைம்பது என்று
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
அதற்கு என்ன பேர் என்று
நான் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குச் செங்கோடன்.
காங்கேயத்துக் கொப்பரை, பெரும்பாவூருக்கு.
நான்கு நிமிஷத்தில் பில் வந்துவிட்டது.
"சில்லறை இல்லீங்க்கா, ஜிபே சுத்திக்கிட்டே இருக்குது.
திரும்பி வர்றப்ப குடுக்கறனுங்."
"இப்பன்னா நாப்பது.
திரும்பி வர்றப்பன்னா நாப்பத்திமூணு."

சொன்னது நான்தான்.
நாற்பத்திரண்டாயிரத்துக்கு அந்த விலை என்றால்
நாற்பதுக்கு நாற்பத்துமூன்று ரூபாய், நாற்பத்துமூன்று பைசா;
எனக்குத் தெரியாமல் வாய் வகுத்திருக்கிறது,
பைசாவைத் தள்ளுபடியும் செய்திருக்கிறது.
செங்கோடன் சிரித்தார்.
வண்டி குழியில் இறங்கி ஏறிப் போயிற்று.
தவளை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு
மறுபடி ஆரம்பித்தது.

நோட்டில் அவர் பேரை எழுதி
நாற்பது போட்டேன்.
பக்கத்தில் மூன்றுக்கு
இடம் விட்டிருக்கிறேன்.