மீட்டருக்கு மேல்

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
ஒரு பள்ளம்.
பதினோரு வருடமாக எனக்கு அதைத் தெரியும்.
அன்றைக்கு மழைத்தண்ணீர் மூடியிருந்தது,
நானும் மறந்திருந்தேன்.
பின்சீட்டில் அமலோற்பவம்
'அய்யோ' என்றுகூடச் சொல்லவில்லை.
'ம்' என்றாள்,
யாரோ கேட்டதற்குப் பதில்போல.

மூன்று வாரம் தைலம், வெந்நீர்ப் பை,
'வாயுப்பிடிப்பு' என்று பக்கத்து வீட்டுத் தீர்ப்பு.
படுத்தால் எழ முடியாது.
எழுந்தால் இரும முடியாது.
தும்மல் வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் பேனாவால் தொட்டார்.
முதுகில் பன்னிரண்டாவது.
மேலும் கீழும் சதுரமாக நிற்க
அது மட்டும் முன்பக்கம் நசுங்கி,
ஆள் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட
பிஸ்கட் பொட்டலம்.
'எலும்பு ஏற்கனவே பஞ்சாகியிருக்கு,'
கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்,
'பள்ளம் ஒரு சாக்கு.'
எனக்காகச் சொன்னாரா
இன்றுவரை தெரியவில்லை.

வெறும் சிமெண்ட் செலுத்தினால் ஒரு விலை.
பலூன் விட்டு எலும்பைத் தூக்கிவிட்டு
அந்த இடத்தில் சிமெண்ட் என்றால்
இன்னொரு விலை.
'சிமெண்டா?' என்றாள்.
'வீடு கட்டுறதில்லம்மா, இது வேற.'
'விலையிலேயே தெரியுது.'

கவுன்ட்டர் பையன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்,
நான் மீட்டரைக் காட்டுகிற அதே விரலால்.
பலூன், ஒரே தடவைதான் உபயோகம், அறுபத்தெட்டாயிரம்.
சிமெண்ட் பதினாறு.
தியேட்டர், மயக்க மருந்து, ஒரு ராத்திரி அறை,
கையுறைக்குக்கூடத் தனி வரி.
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
பத்தொன்பது வருடம் குனிந்து
காலர் நூல் வெட்டிய கார்மெண்ட்ஸ் மூடியபோது
ஈஎஸ்ஐ அட்டையும் செத்துவிட்டது.
'கொஞ்சம் பாத்துப் போட்டுக்கங்க' என்றேன்.
முப்பது வருடமாக ஜனங்கள் என்னிடம் சொன்ன வாக்கியம்.
என் வாயில் அது உட்காரவே இல்லை.

வளையல் நான்கு.
அந்தோணியார் சங்கத்தில் நாற்பது.
ஆர்சி புத்தகம் சேட்டுக் கடைக்குப் போனது,
வண்டி மட்டும் என்னிடம்.
இடித்ததும் அதுதான், கடன் வாங்கித் தந்ததும் அதுதான்.

உள்ளே நடந்ததை அவள்தான் சொன்னாள்.
'குப்புறப் போட்டாங்க.
முதுகு மரத்துப்போச்சு, காது மரக்கல.
இடப்பக்கம் ஒரு ஊசி, வலப்பக்கம் ஒண்ணு.
டிவியப் பாத்துப் பாத்து
சின்னச் சுத்தியால தட்டுறாங்க,
மேல்வீட்டுல ஆணி அடிக்கிற மாதிரி.
பலூன் ஊதுறப்போ ஒருத்தர் அளவு படிக்கிறார்,
ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு...
உன் ஞாபகம்தான் வந்துச்சு.'

மிச்சச் சிமெண்ட்டை டாக்டர்
விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே நின்றாராம்.
நர்ஸ் பிறகு சொல்லியிருக்கிறாள்:
உள்ளே இறுகியதா என்று
வெளியே இருக்கும் உருண்டைதான் சொல்லும்.
எட்டு நிமிடம் யாரும் பேசவில்லை.
அந்த எட்டு நிமிடத்தில் நான்
ஒரே டீக்கு இரண்டு தடவை காசு கொடுத்தேன்.

சாயங்காலம் எழுந்து நின்றாள்.
முதுகில் தபால்தலை அளவு
இரண்டு பிளாஸ்திரி.
'இவ்வளவுதானா?'
'ஒண்ணு ஒரு லட்சத்து ஆறாயிரம்' என்றாள்,
பிறகு, எதையும் பிடிக்காமல்,
வேண்டுமென்றே ஒரு தடவை இருமினாள்.

மறுநாள் கூட்டிவந்தேன்.
சைக்கிள்கள் என்னை முந்தின.
பாலம் ஏறுவதற்கு முன்னாலேயே
'நிறுத்து' என்றாள்.
இறங்கி, பாலத்தடியில் நடந்தாள்.
காலி வண்டி மேலே ஏறி, இறங்கி,
பள்ளத்தில் விழுந்து எழுந்தது.
ஓரங்கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன்:
வெகுநேரம் யாருமில்லை.
பிறகு கக்கத்தில் எக்ஸ்ரே உறையோடு
ஒரு பிஎம்டிசி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி
அவசரமே இல்லாமல்
சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

சேட்டுக்கு வட்டி ஐந்தாம் தேதி.