பத்துக்கு மூன்று

வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம்
மென்திறன் பாடம்.
போட்டோஷொப் படிப்பிக்க வந்த என் தலையில்
வேறு ஆளில்லாமல் கட்டிவிட்டார்கள்.

கைந்நூலில் இருக்கிறது:
வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் பேசு,
புன்னகை செய், குறுக்கிடாதே,
மூன்று செக்கனுக்கு மேல் மௌனம் ஆகாது.
நான் வாசிக்க, பதினேழு பேர் எழுதினார்கள்.
கல்முனைக் கடற்காற்றில் சுவர்ச் சுண்ணாம்பு உரிந்து
கொப்பிகளில் விழுந்தது.

பிறகு நடிப்புப் பயிற்சி.
றிப்னாஸ்தான் எப்போதும் வாடிக்கையாளர்.
“லோகோவ இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க தங்கச்சி.
இல்ல, இன்னும்.
என்ட கடைப் பேர் சாய்ந்தமருதில நிண்டு பாத்தாலும் தெரியோணும்.”
வகுப்பு உருண்டு சிரித்தது.
எதிரே டிலுக்சினி,
மேசை மூலையைப் பார்த்துக்கொண்டு
“சரி” என்றாள்.
அவன் கேட்டதற்கெல்லாம் “சரி”.

கண் பார்த்துப் பேசுதல்: பத்துக்கு மூன்று.
சிவப்புப் பேனையால் போட்டேன்.
அந்த மூன்றும் வரவுக்காக.
“நிமிந்து பாரு புள்ள,
ஆரும் உன்னத் திண்டிரமாட்டாங்க” என்றேன்.
இப்போது நினைக்கக் கூசுகிறது.

மார்கழியில் தொழிலகப் பயிற்சி.
பிரதான வீதியில்
பிளெக்ஸ் அடிக்கிற கடை.
மதிப்பீட்டுத் தாளோடு போய்
மூலைக் கதிரையில் இருந்தேன்.
வெளியே விடாத மழை.
மெஷின் ஒரு வேட்பாளரை
நெஞ்சுவரைக்கும் வெளியே தள்ளியிருந்தது.

ஒருவர் வந்தார். பாண்டிருப்பாம்.
நனைந்த சேட்டு. போனை நீட்டினார்.
“கண்ணீர் அஞ்சலி. நாலுக்கு ஆறு.
விடியிறதுக்குள்ள வேணும்.”
படத்தில் ஒரு பெடியன்
மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி.

டிலுக்சினி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
புன்னகையுமில்லை.
நான் பேனை மூடியைக் கழற்றினேன்.

“பேர் சொல்லுங்க ஐயா.”
“நிதுஷன்.”
“‘ச’ போடவா, ‘ஷ’ போடவா?”
“நான் ‘ச’ எண்டுதான் பதிஞ்ச. அவன் ‘ஷ’ போடுவான்.”
ஷ அடித்தாள்.

பிறந்த திகதி கேட்டாள், அடித்தாள்.
மற்றத் திகதியைக் கேட்கவில்லை.
அந்த இடத்தில் கேர்சர்
மினுங்கி மினுங்கி நின்றது.
மூன்று செக்கன். பத்து. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.
“நேத்து” என்றார் அவர்.
அவள் அதைத் திகதியாக்கிக்கொண்டாள்.

“கொலர் மடிஞ்சு கிடக்கு, நிமித்தி விடவா?”
“வேணாம் புள்ள.
அவன் அப்பிடித்தான் போடுவான்.”

ரோசாப்பூச் சட்டம், மெழுகுதிரி,
பறக்கிற புறா,
எல்லாவற்றையும் அழித்தாள்.
அந்த வார்ப்புருவைக் கொடுத்தவன் நான்.

அவர் அழத் தொடங்கினார்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
திரையைப் பார்த்தபடியே
காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.
பிறகு பெடியனின் தலைமுடியைச் சுற்றி
பின்னணியைப் புள்ளி புள்ளியாக வெட்டத் தொடங்கினாள்.
இரண்டு நிமிட வேலை.
இருபது நிமிடம் செய்தாள்.
யாரும் பார்த்துக்கொண்டிராத ஓர் அழுகை
அவருக்கு அந்தக் கடையில் கிடைத்தது.

நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கைந்நூலில் உள்ளபடி, நிமிர்ந்து.
பிறகு வேட்பாளரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலாளி ஹாஜியார்
காசை எண்ணாமல் லாச்சிக்குள் போட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில்,
“ஒரு பெட்டி வெறுமையாக் கிடக்கே சேர்,
இப்பிடிக் குடுத்தா சிஸ்டம் எடுக்காது.”
ஏழு போட்டேன்.
ஏன் ஏழு என்று கேட்டால் தெரியாது.

வியாழன் வந்தது.
றிப்னாஸ் கதவடியில் தயாராக நின்றான்,
சேட்டுக் கையை மடித்துவிட்டு,
அதே வாடிக்கையாளராக.
“இண்டைக்கு என்ன கேக்க சேர்?”

“ஒண்டும் கேக்காத.
வந்து இரு.”