நூற்றுப் பத்தொன்பதாவது இழை

ரூவி, ஹம்ரியா. வெள்ளி மாலை நாலரை.
தையல்கடை மாடியில் கூடிய நெசவுக்காரர் ஒன்பது பேர்.
கைக்குழந்தையையும் எண்ணிப் பத்து என்கிறாள் ஐல்சா.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.

சந்தா ரெண்டு ரியாலை மூணாக்கலாமா என்ற பேச்சு
டீ வந்ததும் அறுந்துபோனது.
கம்பளி மூட்டையில் பூச்சி.
மரிடெஸ் அதைத் தன் ஃப்ரீசரில் வைத்ததில்
பூச்சி செத்தது; கம்பளிக்கு மீன் வாடை,
மீனுக்கு ஆட்டு வாடை.

கறுத்த மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை
ஜன்னல் வழியே துப்பிக்கொண்டிருக்கின்றன.
ஏசிக்குக் கீழே ஈரத்துண்டு தொங்குகிறது,
உலர்ந்த காற்றுப் பட்டால் பருத்தி பொசுக்கென்று அறும் என்று.
மஸ்கட்டில் ஈரம் போதவில்லை என்று
குறைப்படுகிற ஒரே கூட்டம் நாங்கள்தான்.

பிறகு ஷம்ஸா,
பொதுத்தறியின் மேல் குனிந்திருந்தவள்,
ஓரிடத்தில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.
சாய்கோடு சாய்கோடாய் ஏறிப்போகும் நெசவு
அங்கே மட்டும் கால் இடறியிருந்தது.
ஒரு மாதமாய் ஆளுக்கொரு சாண் நெய்திருக்கிறோம்,
யார் கண்ணிலும் படவில்லை.
பட்டபின் வேறெதுவும் படவில்லை.

எண்ணினோம்.
அவள் அரபியில், மரிடெஸ் தகலாகில், நான் உதட்டுக்குள்.
இருநூற்று நாற்பது இழைப் பாவில்
நூற்றுப் பத்தொன்பதும் நூற்றிருபதும்
விழுது மாறி ஏறியிருந்தன.

"நான்தான் மாத்திக் குடுத்திருப்பேன்" என்றார் சூசைராயன்,
எல்லோருக்கும் பொதுவான ஓட்டை ஹிந்தியில்.
கிரேன் ஓட்டுகிறவர்.
பத்து டன் இரும்பைத் தூங்கும் பிள்ளையைப்போல் இறக்குகிறவர்.
"கை சும்மா இருந்தா சீட்டாடும்" என்று வந்து சேர்ந்தவர்.
அன்று தறிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து
இழை இழையாய் எடுத்து நீட்டினார்.
இந்தப்பக்கம் கொக்கியால் வாங்கி இழுத்தவள் நான்.

அவர் மாற்றிக் கொடுக்கவில்லை.

நூற்றுப் பதினெட்டில் என் போன் அடித்தது.
ஆபீஸ். சம்பளப் பிரிவு இன்றிரவே கணக்கை முடிக்க வேண்டுமாம்,
அனுப்பப்படுகிறவர்கள் பதினேழு பேருக்கு.
வாசித்துக்கொண்டே போனார்கள்.
சரி என்றேன், சரி, சரி.
பதினோராவது பெயர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
அடுத்த இழையை நீட்டியபடி காத்திருந்தது.

வாங்கினேன். எந்தக் கண்ணில் கோத்தேன்
என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்தப் பட்டியல் கையெழுத்துக்காக
இன்னும் ஒரு மேஜையில் கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுவார்களாம்.
வெளியே சொன்னால்
பதினெட்டாவது பெயர் என்னுடையது.

நெய்ததைப் பிரிப்பதா, விடுவதா?
கை தூக்கச் சொன்னாள் ஐல்சா.
விட ஐந்து, பிரிக்க நாலு.
இனி நெய்வதற்காக அந்த ரெண்டு இழை மட்டும்
அறுத்து மாற்றிக் கோக்கப்படும்.
யார் செய்த பிழை என்பதற்குக் குறிப்பேட்டில் இடமில்லை.
என்றாலும் பேனா அங்கேயே நின்றது.

"என் பிழை" என்றேன்.

ஏன் என்று எவரும் கேட்கவில்லை.
குழந்தை நூற்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.
சூசைராயன் மட்டும் தமிழில், மெதுவாக:
"அன்னைக்குப் போன் வந்துச்சே, அப்பவா?"
ஆமாம்.
"ஆபீஸ் போன்தானே?"
டீக் கிளாஸின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது.
அதைப் பார்த்தேன்.

அவர் எழுந்து அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
நெய்த விளிம்பில் ரெண்டு இழையையும் நறுக்கி
பின்னால் உருவி, புது நீளம் முடிந்தார்.
முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

"இது நூத்திப் பத்தொம்போது. மூணாவது விழுது.
பாத்து வாங்கு."

வாங்கினேன்.

"எத்தனாந்தேதி?" என்றார்.
நூற்றிருபது இன்னும் அவர் கையில் இருந்தது.