வலது கால்

காலடிச் சத்தம் செய்வது என் தொழில்.
சோபியாவில் மலை தெரியாத ஒரு நிலவறையில்
நாற்பது ஜோடிச் செருப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.
உருளைக்கிழங்கு மாவுப் பையை அழுத்தினால் பனி.
செலரித் தண்டை முறித்தால் எலும்பு.
முத்தத்துக்கு என் புறங்கையே போதும்.

அந்தப் படத்தை யாரும் நல்ல படம் என்று சொல்லவில்லை,
நானும்தான்.
ரூசே நகரத்துப் பாலம், கடத்தல் சிகரெட்,
கடைசியில் வெடித்துச் சிதறும் ஒரு ரயில்
(பொம்மை என்று குழந்தைக்கும் தெரியும்).
இயக்குநர் ஓக்னியான் தன் மைத்துனனை வில்லனாக்கியிருந்தார்.
அவன் கோபப்படும்போதெல்லாம்
தும்மலை அடக்குகிறவன் போலிருந்தான்.
பதினொரு நாள் ஓடியது.
ஒரு நாளிதழ் மூன்று வரி எழுதியது,
அதில் ஒரு வரி அரங்கின் ஹீட்டரைப் பற்றி.

எனக்குப் படம் என்பது கதையாக வருவதில்லை,
இடுப்புக்குக் கீழே வருகிறது.
எவர் குதிகாலை முதலில் வைக்கிறார்,
எவர் படியிறங்கும்போது மூச்சை மறக்கிறார்.

சுங்க அதிகாரியாக அஸ்பாருஹ் மினேவ்.
மொத்தம் பத்தொன்பது நிமிடம்.
போஸ்டரில் அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே அவர் பெயர்.

இரண்டாம் ரீலில் அவர் நடையைப் பிடிக்க முடியவில்லை.
மூன்று முறை தவறவிட்டேன், நான்காம் முறையும்.
என் வலது கால் முந்திக்கொண்டே இருந்தது.
செருப்பை மாற்றினேன், பலகையை மாற்றினேன்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
பிறகுதான் பிடிபட்டது.
பொய் சொன்னபின் நடக்கையில் அவருடைய வலது கால்
ஒரு நூலிழை தாமதமாக விழுகிறது.
நொண்டல் இல்லை.
தரையிடம் அனுமதி கேட்பதுபோல.
லாரிக்காரனிடம் பேசிவிட்டு நடக்கையில் தாமதம்.
மேலதிகாரி அறையிலிருந்து வருகையில் தாமதம்.
மகளின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில்
இரண்டு காலும் சுத்தம்.

கேமரா ஒருமுறைகூட அவர் பாதத்தைக் காட்டவில்லை.
நான் அதைத் தோளிலிருந்து படித்தேன்.
யாருக்காக நடந்தீர்கள், ஐயா,
சட்டத்துக்கு வெளியே, இருட்டில்?

நான்காம் ரீல்.
மனைவியிடம் சொல்கிறார்:
“எல்லாம் சரியாகிவிடும்.”
சமையலறைக்கு நடக்கிறார்.
அந்தத் தாமதத்துக்காகக் காலைத் தூக்கிக் காத்திருந்தேன்.
வரவில்லை.
பாவி மனுஷன், அதை நம்புகிறான்!
நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
திரையில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்
என் சத்தம் இல்லாமல்.

ஓக்னியான் அந்த இடத்தில் வயலினைக் கொட்டினார்.
ஒலி சேர்க்கும் ப்ளமெனோடு இரண்டு நாள் சண்டை போட்டு,
ஒரு பாட்டில் ரக்கியா வாங்கிக் கொடுத்து,
ஒரே ஒரு காலடியை மேலே தூக்கவைத்தேன்.
அந்தப் படத்தில் என் பங்கு அதுதான்.
கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர்,
ப்ளமென் குடித்திருந்ததைக் கணக்கில் சேர்த்தால் இரண்டு.

ஆறு வருஷம் கழித்து, ஜனவரியில்,
பெண்கள் சந்தையில் அவரைப் பார்த்தேன்.
லீக்ஸ் கட்டை முகர்ந்துகொண்டிருந்தார்.
பின்னாலேயே போனேன், வெட்கமில்லாமல்.
சாதாரண நடை. யாருடையதாகவும் இருக்கலாம்.
ஊறுகாய்க் கடைக்காரி அவரை நிறுத்தினாள்:
“உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன். சினிமாவிலா?”
“நானா? பேர்னிக்கில் பல் வைத்தியர், அம்மா.”
சில்லறையை வாங்கிக்கொண்டு நடந்தார்
பனியில்.
மாவு இல்லை, நிஜப் பனி.
இடது.
பிறகு,
ஒரு நூலிழை கழித்து,
வலது.

அப்படியானால் அது நடிப்பே இல்லையா?
இல்லை, இப்போதும் நடிக்கிறாரா?
அது அவருடைய சொந்தக் கால்தான் என்றால்
அன்று அந்தச் சமையலறையில்
எல்லாம் சரியாகிவிடும் என்று
நம்பியது யார்?

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
இல்லாத மாவுப் பையை அழுத்தின,
அவருடைய ஒவ்வோர் அடிக்கும்,
ரொட்டிக் கடை திருப்பம் வரை.