குறிப்புக் கட்டம்

மண்டபத்தில், ஐஸ் பிளான்ட் தாண்டி,
நண்டுக் கம்பெனியில் எனக்கு எடை மேசை.
எட்டு மணிக்கு வேதாளை வேன் வரும்.
குளோரின் தண்ணீரில் பூட்ஸை நனைத்து
முடி தெரியாமல் தொப்பி, வாய் தெரியாமல் துணி,
நீல ஏப்ரன் கட்டி
நாற்பத்திரண்டு பேர் ஒரே உருவமாய் உள்ளே போவார்கள்.

அந்த உருவத்துக்குள்ளும் போகும் அவர் கண்.

மேனேஜர் இன்பராஜ்.
நண்டுச் சதைக்குத் தரம் நாலு:
ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், கிளா.
அவர் அதை எங்கள்மேல் ஒட்டினார்.
தட்டோடு நடக்கிற பிலோமியைப் பார்த்து
'ஜம்போ வருது, வழி விடுங்க.'
ஜைத்தூனுக்கு
'கிளா. உடைச்சாலும் ஒண்ணும் தேறாது.'
ஆறு மாதம் சுமந்த நம்புச்செல்விக்கு
'சினை நண்டைக் கடல்லயே விட்டுரணும்ல?'

சொல்லிவிட்டு, எல்லாரும் சிரிக்கும்வரை நிற்பார்.
துணிக்குள் வாய் சிரித்ததா என்று அவருக்குத் தெரியாது;
தோள் குலுங்க வேண்டும்.
குலுக்கினோம்.
கிலோவுக்குக் கூலி, தடைக்காலத்துக் கடன்,
எல்லாம் சேர்ந்து குலுங்கின.

புகார்க் குழு என்று சுவரில் ஒரு தாள் உண்டு.
அதன்மேல் காலண்டர்.
தூக்கிப் பார்த்தேன். தலைவியாக
மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப்போன
அக்கவுண்டன்ட் பெயர்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
'ஓடு கலந்தது' என்று எழுதுவேன், 'ஐஸ் குறைவு' என்று எழுதுவேன்,
பல நாள் வெறுமை.
ஒரு செவ்வாய். 11.20. தட்டு 16. பிலோமி. 2 கிலோ 340.
குறிப்பு: 'ஜம்போ வருது, வழி விடுங்க' – மேனேஜர்.
'ழி' மட்டும் கோணிக்கொண்டது.

மாலை ஆறு மணிக்கு நீட்டினேன்.
தூத்துக்குடி லாரியோடு போனில் கத்திக்கொண்டே
பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்,
'இ'யின் சுழியை நன்றாக இழுத்து.

இப்படிப் பத்தொன்பது பக்கம்.

நம்புச்செல்வி குழாயடியில் என் கையைப் பிடித்தாள்.
'என் வரியை அடிங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா
வேலைக்கே விடமாட்டாரு.'
அடித்தேன்.
எழுதும்போது யாரையும் கேட்கவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
அன்றிலிருந்து கேட்டுத்தான் எழுதினேன்.
ஜைத்தூன் 'முழுசா எழுது' என்றாள்.
பிலோமி 'என் பேரு பெருசா.'
ஐஸ் உடைக்கிற ஆரோன் கதவோரம் நின்றான்:
'எனக்குந்தான் சொன்னாரு.
நெஞ்சுல முடி முளைக்கட்டும், ஆம்பளைச் சம்பளம் தாரேன்னு.'
தட்டு எண் இல்லாதவன்.
'ஐஸ், நாலு பார்' என்று போட்டு எதிரே எழுதினேன்.

இருபதாம் நாள் போன் அடிக்கவில்லை.
பேனாவைத் திறந்தவர் படித்தார்.
முதலில் வேகமாக, அப்புறம் விரல் வைத்து.
முந்தின பக்கம். அதற்கு முந்தினது.
ஒவ்வொன்றின் அடியிலும் தன் சுழி.
வெளியே கச்சான் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

'என்ன இது?'
'தராசுக்கு முன்னால விழுந்தது சார். விட்டா கணக்கு இடிக்கும்.'
'சும்மா விளையாட்டுக்குச் சொல்றது…'
'அதையும் எழுதிக்கவா சார்?'

அவர் கை, வயிற்றின்மேல் திறந்துகிடந்த பொத்தானைத்
தேடிப் போட்டது.
அவருக்கும் உடம்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைய பக்கத்தைக் கிழித்தார்.
எண் அச்சடித்த பதிவேடு; 61க்கு அடுத்து 63.
மற்றவை ஜைத்தூனின் போனில் இருந்தன.

ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் மூன்று பேர் மனு.
ஆரோனுக்கு அந்தப் படிவம் பொருந்தாதாம்;
சாட்சி என்ற இடத்தில் போட்டான்.
விசாரணை அடுத்த மாதம்.
நான் இப்போது ஓடு அள்ளும் கொட்டகையில்.
பிலோமியை வேன் இரண்டு நாள் ஏற்றாமல் போனது.
உள்ளே அவர் 'வை', 'எடு' மட்டும் பேசுகிறாராம்.

நகலைப் புரட்டிய அதிகாரியம்மா
அடித்த வரியில் நின்றார்.
'அசல் வரட்டும். வெளிச்சத்துல பிடிச்சா படிச்சிரலாம்.'

பிடிக்க வேண்டாம் என்றேன்.